ஸ்டியரிங்குக்கு எது, பிரேக்குக்கு எது

மரக்காணத்து உப்பளத்தில் முந்நூறு மைல் வேகத்தில் பாய்ந்து வந்த ஒரு லாரியை என் மருமகள் ஜுவைரியா ஒற்றை விரலால் திருப்பி நிறுத்தினாள். திண்டிவனத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூட அந்தச் சத்தத்தைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். முந்நூறை முப்பது ஆக்கிக்கொள்ளுங்கள், மைலைக் கிலோமீட்டர் ஆக்கிக்கொள்ளுங்கள். லாரி என்றது என் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை நீளம் உள்ள ரிமோட் வண்டி. திண்டிவனத்துக் கதையை மறந்துவிடுங்கள். ஆனால் ஜுவைரியாவை மட்டும் முழு அளவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அவளிடம் குறைக்க எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

வானூர் கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த அப்துல் சுக்கூரின் ஒரே மகள் அவள். என் மகன் இஜாஸுக்குக் கட்டிக்கொண்டு வந்தபோது புதுப்பெண் பெட்டியில் பட்டுச்சேலைகளுக்கு நடுவில் சால்டரிங் இரும்பு ஒன்று இருந்தது. முடி சுருட்டுகிற கருவி என்று நினைத்து நான் பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் அதை வைத்து என் மிக்சியைப் பிரித்துப் போட்டாள். சாயங்காலம் அந்த மிக்சி தேங்காய்ச் சில்லைப் பாலாக்கிக் காட்டியது. பத்து நாளில் தெருவில் உள்ள டிவி ரிமோட்டெல்லாம் எங்கள் வீட்டுச் சன்னலோரம் வரிசையில் படுத்துக் கிடந்தன.

அவளிடம் ஒரு குணம். எந்தப் பொருளின் மேலும் அச்சடித்திருப்பதை நம்பமாட்டாள். ஒரு கிலோ என்று போட்ட சர்க்கரைப் பாக்கெட்டைத் தராசில் வைத்துப் பார்த்த பிறகுதான் டப்பாவில் கொட்டுவாள்.

"ஏம்மா, கடைக்காரன் கோச்சிக்கப் போறான்" என்றால், "அவன் எதுக்கு மாமி கோச்சிக்கணும்? நான் அவனையா எடை போடறேன்?" என்பாள்.

இஜாஸ் கல்யாணத்துக்கு முன்பிருந்தே சார்ஜாவில். 2006 வரைக்குமான ஒன்பது வருடக் குடித்தனத்தில் அவன் இங்கே இருந்த நாட்களை ஒட்டிப் பார்த்தால் ஒரு வருடம் தேறாது. ஒவ்வொரு தடவையும் அவன் கிளம்பிய மறுநாள் ஜுவைரியா வீட்டில் உள்ள எதையாவது கழற்றி மாட்டுவாள். பழுதே ஆகாத என் சுவர்க் கடிகாரத்தை நாலு தடவை கழற்றியிருக்கிறாள். நான் கேட்டதில்லை. கடிகாரம் பாட்டுக்கு ஓடும், கேட்டால் அவள் அழுதுவிடுவாள்.

2006 ஜனவரியில் இஜாஸ் வந்தபோது அட்டைப்பெட்டிக்குள் அந்த வண்டி வந்தது. சார்ஜாவில் ரிமோட் வண்டிகள் விற்கிற கடையில் அவனுக்கு வேலை. கடை என்றால் கல்லாவில் உட்காருகிற வேலை இல்லை, கிடங்கில் பெட்டி பிரித்து அடுக்குகிற வேலை. கண்ணாடிக்குள் காட்சிக்கு நின்ற பழைய வண்டி ஒன்றை முதலாளி இவனுக்குக் கொடுத்துவிட்டார். நாலு பெரிய ரப்பர் சக்கரம், சின்ன என்ஜின், ஊரைக் கூட்டுகிற சத்தம். அதற்கு ஊற்றுகிற எண்ணெயைச் சென்னையில் விமானப் பொம்மை விடுகிற ஒருவரிடம் சொல்லிவைத்து வாங்கினான்.

வந்த வாரமே அவன் மனசில் இருந்ததைச் சொன்னான்.

"குயிலாப்பாளையத்துல ரூம் எடுத்து தங்கற வெள்ளக்காரங்க ஞாயித்துக்கிழமை ஆனா என்ன பண்றதுன்னு தெரியாம பைக்ல சுத்தறாங்க. இங்க ஒரு எடம் கெடைச்சா நாலு வண்டி வாங்கி காசுக்கு ஓட்ட விடலாம். நான் திரும்பிப் போவ வேணாம்."

ஜுவைரியா தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கரண்டி அந்தரத்தில் நின்றது. "நெஜமாவா சொல்றீங்க?" என்று ஒரே ஒரு கேள்விதான். அதற்குப் பிறகு அந்த வண்டி அவளுடையது.

ஏப்ரல் பத்தாம் தேதிக்குத் திரும்பிப் போகும் டிக்கெட் பீரோவில் இருந்தது. அதற்குள் இடம் கிடைத்தால் இருப்பான், இல்லாவிட்டால் போவான்.

இடம் சக்கரபாணியிடம் இருந்தது. கழுவெளி ஏரிப் பக்கம் உப்பு விளைவிக்கிற மனிதர். சுனாமி அலை அவருடைய ஒரு பெரிய பாத்தியில் சேற்றைக் கொண்டுவந்து அப்பிவிட்டுப் போனது. அதில் உப்பு எடுக்க முடியாமல் சும்மா போட்டிருந்தார். நாங்கள் மூவரும் போய்க் கேட்டோம். சும்மா கிடக்கிற பாத்திக்கு வரப்பை ஒட்டி அந்தப் பக்கம் உப்புப் பூத்த பாத்தி, சட்டியில் உறைந்த தயிர் மாதிரி வெள்ளையாகக் கிடந்தது.

உப்புப் பாத்தியின் தரையை ஆட்கள் வெறுங்காலால் மிதித்து மிதித்து இறுக்கித்தான் செய்கிறார்கள். பிறகு அதில் செருப்புக் கால் படக்கூடாது. எவ்வளவு பெரிய அதிகாரி வந்தாலும் வரப்பில் செருப்பைக் கழற்ற வேண்டும். கெட்டித்தரை ஒரு இடத்தில் உடைந்தால் சேறு மேலே வந்து அந்தப் பாத்தி உப்பே பழுப்பாகிவிடும். சக்கரபாணி அதைத்தான் பிடித்துக்கொண்டார்.

"டீச்சரம்மா, நீங்க கேட்டு நான் இல்லன்னு சொல்லக்கூடாது. எனக்கு ஆனா ஆவன்னா சொல்லிக் குடுத்தவங்க. ஆனா இந்த ரப்பர் சக்கரம் என் உப்புல ஏறிச்சின்னா நான் எங்க போவேன்?"

"ஏறாதுண்ணா" என்றாள் ஜுவைரியா.

"ஏறாதுன்னு வாயால சொன்னா ஆச்சா? ஓட்டிக் காட்டுங்க. வரப்பை நோக்கி வரட்டும். நான் கையைத் தூக்கனா நிக்கணும். அந்தாண்ட ஒரு தடம் விழுந்தாலும் பேச்சு முடிஞ்சிது."

பக்கத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த திரௌபதி பலகையை ஊன்றிக்கொண்டு கேட்டாள்: "இன்னா மொதலாளி, வண்டியும் செருப்பு கழட்டணுமா?"

"உன் வாயை மொதல்ல கழட்டி வைய்யி" என்றார் அவர்.

ஓட்டிக் காட்டலாம்தான். ஆனால் காட்சி வண்டியில் இரண்டு முக்கியமான சாமான்கள் இல்லை. சர்வோ என்று பெயர். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பருத்த கறுப்புப் பெட்டி, உள்ளே குட்டி மோட்டாரும் பல்சக்கரங்களும், வெளியே ஒரு சின்னக் கை. நாம் ரிமோட்டைத் திருகினால் அந்தக் கை திரும்பும். ஒரு சர்வோ முன்சக்கரத்தைத் திருப்ப, இன்னொன்று ஆக்சிலேட்டரைத் திறக்க. இந்த இரண்டாவதையே எதிர்ப்பக்கம் தள்ளினால் பிரேக் பிடிக்கும். இஜாஸ் கிடங்கு மேசை இழுப்பறையிலிருந்து மூன்று சர்வோக்களைக் கொண்டுவந்திருந்தான். திரும்பி வந்த சரக்கு, லேபிள் உரிந்துபோனது. எது பலசாலி, எது நோஞ்சான் என்று அவனுக்கே தெரியாது.

"இதுல ஒண்ணு ஒம்பது கிலோ இழுக்கும்னு சொன்னாங்க" என்றான்.

"யாரு சொன்னாங்க?"

"கடையில."

"அப்ப எடை போட்டுருவோம்" என்றாள் அவள்.

மூன்றுக்கும் மூன்று கலரில் நூல் கட்டினாள். சிவப்பு, பச்சை, வெள்ளை. ஒவ்வொன்றாக மேசை விளிம்பில் இறுக்கி, சர்வோவின் கையில் அச்சுக்கு ஒரு சென்டிமீட்டர் தள்ளி இருந்த ஓட்டையில் மீன்தூண்டில் நரம்பைக் கட்டி, கீழே துணிப்பையைத் தொங்கவிட்டாள். பைக்குள் எங்கள் ஊரில் எதற்குப் பஞ்சமோ இல்லையோ பஞ்சமில்லாத பொருள், கல்லுப்பு. இஜாஸ் ரிமோட்டைத் திருக, அவள் பிடி பிடியாக உப்பைப் போட்டுக்கொண்டே வந்தாள். எந்தப் பிடியில் கை தூக்க மாட்டாமல் நிற்கிறதோ, அந்தப் பையை எடுத்துத் தராசில் வைத்தாள்.

வெள்ளை நூல் இரண்டரைக் கிலோவில் கடக்கென்று பல் உடைந்து செத்தது. பச்சை நாலு கிலோ தூக்கியது. அது சுறுசுறுப்பு, ஓணான் தலையாட்டுகிற மாதிரி வெடுக் வெடுக்கென்று திரும்பும். சிவப்பு முனகிக்கொண்டே ஒன்பதரைக் கிலோ தூக்கியது. உள்ளே உலோகப் பல். ஆனால் சோம்பேறி, அது இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவதற்குள் நான் ஒரு வெற்றிலை போட்டு முடித்துவிடுவேன்.

"மாஷா அல்லாஹ்! சிவப்பை பிரேக்குக்கு போட்ருவோம்" என்றான் இஜாஸ். "அண்ணன் கேக்கறது என்ன? நிக்கணும். பலமானது பிரேக்குல இருக்கட்டும். ஸ்டியரிங்குக்கு பச்சை. வேகமா திரும்பும்."

"பலம் எங்க வேணும்னு பார்த்தீங்களா?"

"பார்த்தேனே. நேத்து கூடத்துல பச்சையை மாட்டி ஓட்டனேன். என்னா அழகா திரும்பிச்சி!"

"கூடத்துல மொசைக்குங்க. சக்கரபாணி அண்ணன் கொல்லையில மொசைக்கா போட்டிருக்காரு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகன் என்னை முறைத்தான். பெற்ற தாய் மருமகள் பக்கம் சேர்ந்தால் ஆண்பிள்ளை எங்கே போவான்?

மறுநாள் காலையில் அவள் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு உப்பளத்துக்குப் போய் அந்தப் பாத்திச் சேற்றை அள்ளிக்கொண்டு வந்தாள். அந்தச் சேறு மேலே அப்பளமாகக் காய்ந்திருக்கும், உள்ளே கேழ்வரகுக் களி. குழந்தை குளிப்பாட்டுகிற அகலத் தொட்டியில் அதைக் கொட்டி வண்டியை இறக்கி வைத்தாள். தெருவில் மீன் கொண்டுவரும் மரியதாஸிடம் கொக்கி வைத்த ஸ்பிரிங் தராசை இரவல் கேட்டாள்.

"இன்னா மீன் எடை போடப் போறே?" என்றார் மரியதாஸ்.

"மீன் இல்லண்ணா, சேறு எவ்ளோ புடிவாதம் புடிக்குதுன்னு எடை போடப் போறேன்."

அவர் என்னைப் பார்த்தார். பெண்ணுக்குச் சரியில்லையா என்கிற பார்வை. நான் கண்ணடித்தேன். தராசைக் கொடுத்துவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

சர்வோ இழுக்க வேண்டிய இடத்தில் கொக்கியை மாட்டி அவள் இழுத்தாள். சேற்றில் முன்சக்கரம் திரும்புவதற்கு முள் ஆறு கிலோவைத் தாண்டியது. அதே கொக்கியைப் பிரேக் கம்பியில் மாட்டி இழுத்தாள். ஒன்றரைக் கிலோவிலேயே பிரேக் தட்டு கவ்விப் பிடித்துப் பின்சக்கரம் இறுகிவிட்டது.

"பார்த்தீங்களா? பிரேக்குக்கு பச்சையே ஜாஸ்தி. அதுவும் டக்குனு புடிக்கும். ஸ்டியரிங்குல பச்சையை போட்டா சேத்துல நாலு கிலோவோட நின்னுடும். வண்டி நேரா உப்புல போயி உக்காரும்."

"நிக்கச் சொன்னா நிக்கப்போவுது. திருப்பறதுக்கு என்ன வேலை?"

"நிக்கலன்னா?"

இஜாஸ் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு திருப்புளியை அவள் கையில் கொடுத்தான். "உன் இஷ்டம். ஆனா அங்க நிக்கலன்னா நீதான் பதில் சொல்லணும். டிக்கெட்டு எனக்குத்தான் இருக்குது, உனக்கு இல்ல."

அவள் திருப்புளியை வாங்கிக்கொண்டு வண்டி பக்கம் உட்கார்ந்தாள். சிவப்பை ஸ்டியரிங்கிலும் பச்சையைப் பிரேக்கிலும் மாட்டி முடிக்கும்வரை தலையை நிமிர்த்தவேயில்லை. அன்றைக்கு அந்தத் திருகாணிகளை அவள் இறுக்கின இறுக்கத்தை நான் பார்த்தேன். விமானத்தையே நம் வீட்டோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிடுவாள் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து சோறு தின்றுவிட்டுக் கிளம்பினோம். சக்கரபாணி வெள்ளை வேட்டியில் வரப்பில் நின்றார். திரௌபதியும் இன்னும் நாலு பெண்களும் உப்புப் பலகையோடு வேடிக்கைக்கு வந்துவிட்டார்கள். வண்டியின் சக்கரத்தைக் கழுவித்தான் இறக்க வேண்டும் என்றார் சக்கரபாணி. கழுவினோம்.

இஜாஸ் ரிமோட்டைப் பிடித்தான். துப்பாக்கி மாதிரி இருக்கும் அது. விசையை இழுத்தால் ஓட்டம், முன்னால் தள்ளினால் பிரேக், பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம், அதுதான் ஸ்டியரிங். என்ஜின் அலறியது. கொக்குகள் எழும்பிப் பறந்தன. வண்டி பாத்தியின் தூரத்து மூலைக்குப் போய்த் திரும்பி, வரப்பை நோக்கி நேராக வந்தது. என்ன வேகம்! சேறு இரண்டு பக்கமும் சிறகு மாதிரி விரிந்தது.

சக்கரபாணி கையைத் தூக்கினார்.

இஜாஸ் பிரேக்கைத் தள்ளினான். வண்டி நிற்கவில்லை. மறுபடி தள்ளினான். என்ஜின் சத்தம் அடங்கியது, வண்டி மட்டும் அதே ஓட்டத்தில் வழுக்கிக்கொண்டு வந்தது. அவன் முகம் செத்துப்போய், விரல் விசையில் ஒட்டிக்கொண்டது.

"நிக்கலடி!"

"நீங்க தள்ளிக்கிட்டே இருங்க, விடாதீங்க!" என்று சொல்லிக்கொண்டே ஜுவைரியா பக்கவாட்டில் கையை நீட்டி, அவன் பிடித்திருந்த ரிமோட்டின் சக்கரத்தை ஒற்றை விரலால் கடைசிவரை சுழற்றினாள். ஒரே ரிமோட்டில் புருஷன் கை பிரேக்கில், பெண்டாட்டி விரல் ஸ்டியரிங்கில். வண்டிக்குள் சிவப்பு நூல் சர்வோ முனகியது எனக்கே கேட்டது. சேற்றோடு மல்லுக்கட்டி முன்சக்கரம் திரும்பியது. வரப்புக்கு ஒரு சாண் இருக்கும்போது வண்டி வளைந்து, ஒரு முழு வட்டம் அடித்து, வேகம் செத்து, களியில் உட்கார்ந்தது. வளைகிறபோது வாரியடித்த சேறு அத்தனையும் சக்கரபாணி வேட்டியில்.

உப்பில் ஒரு பொட்டு விழவில்லை.

"வண்டி நிக்கலியே" என்றார் சக்கரபாணி, வேட்டியைப் பார்த்துக்கொண்டு.

"உப்புல ஏறலியே மொதலாளி" என்றாள் திரௌபதி.

"நிக்கணும்னுதானே சொன்னேன்?"

இஜாஸ் ஜுவைரியாவைப் பார்த்தான். பச்சை சர்வோதான் காலை வாரிவிட்டது என்று அவன் வாயில் வந்து நின்றதை நான் பார்த்தேன். அவள் அதற்குள் சேற்றில் இறங்கி வண்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, அடியில் விரலை விட்டு, பிரேக் தட்டைத் தடவி, விரலை மூக்கில் வைத்தாள். பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தாலும் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தேங்காய் எண்ணெய்.

கடலோரத்தில் குடித்தனம் பண்ணுகிறவர்களைக் கேளுங்கள். இரும்பு என்று ஒன்று கண்ணில் பட்டால் எங்களுக்குக் கை சும்மா இருக்காது. உப்புக் காற்று ஒரே ராத்திரியில் துருவாக்கிவிடும். கேட் தாழ்ப்பாள், தையல் மெஷின், சைக்கிள் செயின், எல்லாவற்றுக்கும் கோழி இறகில் எண்ணெய் தொட்டுப் பூசிக்கொண்டே இருப்போம். அன்று விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்தால் வண்டி வாசலில் பளபளவென்று நின்றது. பிள்ளைகளின் பிழைப்பு, துருப்பிடிக்கலாமா? துஆ ஓதிக்கொண்டே அடியில், மேலே, மின்னுகிற ஒவ்வொரு இடத்திலும் நன்றாக முக்கி முக்கிப் பூசிவிட்டேன். பிரேக் தட்டுதான் எல்லாவற்றையும்விட அதிகம் மின்னியது. சேற்றில் சிலுவையில் அறையப்பட்ட மாதிரி நின்றேன் என்று சொல்லமாட்டேன். குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி நின்றேன். செருப்பைத்தான் வரப்பிலேயே கழற்றிவிட்டிருந்தேன்.

ஜுவைரியா என் பெயரை எடுக்கவில்லை. "பிரேக் தட்டுல எண்ணெய் பட்டிருக்குதுண்ணா. தொடச்சா நிக்கும். இன்னொரு வாட்டி கையைத் தூக்குங்க" என்றாள். இஜாஸின் மொபெட்டிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைத் துணியில் நனைத்துத் தட்டைத் துடைத்தாள், காயும்வரை ஊதினாள்.

இரண்டாம் தடவை அவளே ஓட்டினாள். இஜாஸ்தான் ரிமோட்டை அவளிடம் நீட்டினான். வண்டி வந்தது. சக்கரபாணி கையைத் தூக்குவதற்குள் திரௌபதி தூக்கிவிட்டாள். பச்சை நூல் வெடுக்கென்று இழுத்தது, வண்டி குத்திட்டு நின்றது. பெண்கள் பலகையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள்.

சக்கரபாணியின் கண்ணில் நீர் தளும்பியது. "டீச்சரம்மா, இப்பேர்ப்பட்ட பொண்ணை எங்க புடிச்சீங்க? இந்தாங்க, பாத்தி முழுக்க உங்களுது" என்று அங்கேயே, அந்த நிமிடமே, சேறு வழிகிற வேட்டியோடு கையெடுத்துக் கும்பிட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். அன்று ராத்திரியே இஜாஸ் டிக்கெட்டை…

இதுவரை எழுதியதை ஜுவைரியாவிடம் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் கையிலிருந்த ரிமோட்டைக் கீழே வைத்தாள்.

"மாமி, அவரு எங்க அழுதாரு? கண்ணுல சேறு. வேட்டியை தோய்க்கணும்னு ஒண்ணும் சொல்லாம வீட்டுக்கு போயிட்டாரு. அப்பறம் மூணு வாரம் நம்மள நடக்க விட்டுட்டு, ஏப்ரல் பதினஞ்சாம் தேதிதான் எடம் குடுத்தாரு. அதுவும் பாதி பாத்தி. ஆனா இவரு டிக்கெட்டை அந்த வெள்ளிக்கிழமையே போயி கேன்சல் பண்ணிட்டு வந்துட்டாரு, எடம் கெடைக்குமா கெடைக்காதான்னு தெரியறதுக்கு முன்னாடியே. அதை மட்டும் சரியா எழுதுங்க."